வாசகர் கேள்வி – பதில்: அன்ஹால்ட் இளவரசர்களும் அவர்களது கவாத்தும்

சென்ற இதழில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் போர்களைப் பற்றி எழுதியபோது, அவர் கையில் கிடைத்த காலாட்படையைப் பழக்கி உருவாக்கியவர் ‘பழைய டெஸ்ஸாவர்’ என்று அழைக்கப்பட்ட அன்ஹால்ட்–டெஸ்ஸாவ் சிற்றரசர் லியோபோல்ட் என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சொந்தமாக ஒரு நாடு இருக்கும்போது, ஓர் இளவரசர் இன்னொரு மன்னனின் படையில் போய் ஏன் சேவகம் செய்ய வேண்டும்? அது கௌரவக் குறைவாகக் கருதப்படவில்லையா?

பதில்: அந்த நாட்டின் அளவைப் பார்த்தால் கேள்வியின் பாதிக்கு விடை கிடைத்துவிடும். ஜெர்மனியில் எல்பா, முல்டே ஆறுகளை ஒட்டிக் கிடந்த அன்ஹால்ட் முழுவதுமே சிறியது. அதையும் 1603-இல் சகோதரர்கள் பங்கு பிரித்துக்கொண்டு டெஸ்ஸாவ், பெர்ன்பர்க், கோத்தன், செர்ப்ஸ்ட் என்று தனித்தனி அரண்மனைகளை அமைத்துக்கொண்டார்கள். மூத்தவருக்கே முழு உரிமை என்ற சட்டம் ஊன்றாத வீடுகளில் ஒவ்வொரு தலைமுறையும் நிலத்தை மேலும் துண்டாக்கியது. கத்தோலிக்கக் குடும்பமாக இருந்திருந்தால் இளைய மகன்களை ஆயர்களாகவும் மடத்துத் தலைவர்களாகவும் அனுப்பிவிடலாம். சீர்திருத்த சமயத்தைத் தழுவிவிட்ட அன்ஹால்ட் குடும்பத்துக்கு அந்த வாசலும் அடைபட்டுவிட்டது. பட்டம் மட்டும் உயரமாகவும் வருமானம் தாழ்வாகவும் இருந்த ஓர் இளைஞனுக்குத் தன் பிறப்புக்கு ஏற்றதென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே தொழில் படைத்தொழில்தான்.

கௌரவத்தைப் பற்றிய உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் என்னை மிகவும் தொடுவதும் இதுதான். அன்ஹால்ட் அரசர்கள் அஸ்கானியர் என்ற பழைய வம்சத்தினர். பிராண்டன்பர்க் எல்லைநாட்டை 12-ஆம் நூற்றாண்டில் நிறுவிய ‘கரடி’ ஆல்பிரெக்ட் அவர்களுடைய மூதாதை. பிராண்டன்பர்க்கை ஆண்ட அஸ்கானியக் கிளை 1320-இல் வாரிசின்றி அற்றுப்போனது. பின்னாளில் பிரஷ்ய மன்னர்களான ஹோகன்சொல்லர் வம்சத்தினர் அங்கே வந்து அமர்ந்தது 1415-இல்தான். ஆகவே, பிரஷ்ய மன்னருக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் செலுத்திய ஒவ்வோர் அன்ஹால்ட் இளவரசரும், தம் முன்னோர் நிறுவிய நாட்டை இன்று ஆள்பவருக்குக் கீழே வேலை பார்த்தார். அவர்கள் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. லியோபோல்டின் தந்தை இரண்டாம் யோகான் கேயார்க் ஏற்கெனவே பிராண்டன்பர்க்கின் ஃபீல்ட் மார்ஷல். தாய் ஹென்றியெட் கத்தரீனா, டச்சு நாட்டின் ஆரஞ்சு குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அக்காள் பிராண்டன்பர்க் கோமானை மணந்தவர். அந்த அக்காளின் மகனே 1701-இல் பிரஷ்யாவின் முதல் மன்னராக முடிசூடியவர். எனவே லியோபோல்ட் போய்ச் சேர்ந்தது, பெரியம்மா மகனின் படையில்.

இதோடு ஒரு கணக்கு வழக்கும் உண்டு. ஒரு ரெஜிமெண்ட்டின் உரிமைத் தலைவர் என்ற பதவி, வருமானம் தரும் சொத்துப் போன்றது. ஆள் சேர்ப்பது, உடை தைப்பது, விடுப்பில் போகும் சிப்பாயின் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். 1693-இல் தந்தை இறந்தபோது 17 வயது லியோபோல்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு சிறிய நாடும் ஒரு ரெஜிமெண்ட்டும். பிற்காலத்தில் ஹாலே நகரில் நிலைகொண்ட அந்த ரெஜிமெண்ட்டை அவர் சாகும்வரை விடவில்லை.

கேள்வி: துப்பாக்கியைக் கெட்டிக்கும் இரும்புக் கோலையும் காலடி ஒத்து நடப்பதையும் கொண்டுவந்தவர் என்று ஒருவரை இவ்வளவு புகழ வேண்டுமா? இவை சிறிய விஷயங்கள் அல்லவா?

பதில்: சிறியவைதான். ஆனால் அந்தச் சிறிய விஷயத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அக்காலத் துப்பாக்கியை வாய்ப்புறமாகத்தான் கெட்டிக்க முடியும். தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கிழித்து, வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் குழலுக்குள் போட்டு, ஒரு நீண்ட கோலால் அடிவரை குத்தி இறுக்க வேண்டும். அந்தக் கோல் மரத்தால் ஆனது. பதற்றத்தில் இருக்கும் ஒருவன் ஓங்கிக் குத்தினால் அது ஒடியும். மழையில் ஊதிப்போய் மாட்டிக்கொள்ளும். கோல் ஒடிந்த சிப்பாயின் கையில் மிஞ்சுவது ஒரு வெறும் ஈட்டி. லியோபோல்ட் 1698 வாக்கில் தம் சொந்த ரெஜிமெண்ட்டில் இரும்புக் கோலைக் கொடுத்துப் பழக்கினார். 1718-க்குள் அது பிரஷ்யக் காலாட்படை முழுவதற்கும் பரவியது. 1741 ஏப்ரலில் மோல்விட்ஸ் களத்தில் பிரஷ்யக் குதிரைப்படை சிதறி, இளம் மன்னர் பிரெடரிக்கே களத்தை விட்டு விலகிய பிறகும், காலாட்படை நின்று சுட்டு வென்றது. எதிரே இருந்த ஆஸ்திரியர்களின் கையில் இன்னும் மரக்கோல்தான் இருந்தது. பழைய டெஸ்ஸாவர் அன்று அந்தக் களத்திலேயே இல்லை; பிராண்டன்பர்க்கின் எல்லையை வேறொரு படையோடு காத்துக்கொண்டிருந்தார். எனினும் அந்த வெற்றியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

காலடி ஒத்து நடப்பதும் அப்படித்தான். ஒவ்வொருவனும் தன் போக்கில் நடந்தால், முன்னால் போகிறவன் குதிகாலில் இடிக்காமலிருக்க வரிசைகளுக்கு நடுவே நிறைய இடம் விட வேண்டும். அப்படி நீண்டு கிடக்கும் படை, அணியாக விரிந்து நிற்பதற்குள் எதிரி சுடத் தொடங்கிவிடுவான். எல்லோருக்கும் ஒரே காலடி என்றால் வரிசைகள் நெருங்கி நடக்கலாம். நடந்துவந்த படை ஒரு கட்டளையில் திரும்பிச் சுடும் அணியாகிவிடும். இதற்காக ஆண்டுக்கணக்கில், ஒரே மைதானத்தில், ஒரே அசைவுகளை அவர் பழக்கினார். 1713-இல் முதலாம் பிரெடரிக் வில்லியம் மன்னரானபோது சுமார் 40,000 பேராக இருந்த பிரஷ்யப் படை 1740-இல் ஏறத்தாழ இரு மடங்கானது. அந்த ஆண்டுகள் முழுவதும் மன்னரின் நெருங்கிய நண்பராகவும் கவாத்து ஆசானாகவும் இருந்தவர் லியோபோல்ட். புகைக்குழாயோடு மன்னர் நடத்திய மாலைக்கூட்டங்களில் அவருக்கு நிலையான இடம் இருந்தது.

ஆனால் அவரைக் கவாத்து மைதானத்து மனிதராக மட்டும் நினைத்துவிடக் கூடாது. 1704-இல் பிளென்ஹெய்ம், 1705-இல் கசானோ, 1706-இல் டூரின், 1709-இல் மால்ப்ளாகே என்று ஸ்பானிய வாரிசுரிமைப் போரின் பெரிய களங்களில் பிரஷ்யத் துருப்புகளை அவர் முன்னின்று நடத்தினார். அவற்றைவிட எனக்குப் பிடித்தது 1715 நவம்பரில் ரூகன் தீவில் நடந்தது. கப்பலிலிருந்து படை கரையிறங்கிய உடனேயே, சிப்பாய்களை ஓய்வெடுக்க விடாமல், அகழி தோண்டி முள்தடை வைக்கச் சொன்னார். அன்றிரவே ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் தாமே தாக்க வந்தார். கரையிறங்கிக் களைத்துக் கிடக்கும் ஒரு கூட்டத்தை எதிர்பார்த்து வந்தவருக்குக் கிடைத்தது அகழி சூழ்ந்த முகாம். அவர் காயம்பட்டுப் பின்வாங்க நேர்ந்தது. ஐரோப்பாவையே அதிரவைத்த ஒரு மன்னரை மண்வெட்டிகளால் தடுத்து நிறுத்திய இரவு அது.

கடைசிக் களம் 1745 டிசம்பர் 15, கெசல்ஸ்டார்ப். அப்போது அவருக்கு வயது 69. நண்பரான மன்னர் இறந்துவிட்டார். புதிய மன்னர் பிரெடரிக் இந்த முதியவரின் நிதானத்தைத் தாமதம் என்று கருதிக் கடிதத்துக்குக் கடிதம் கடிந்துகொண்டிருந்தார். 46 ஆண்டுகள் கூட வாழ்ந்த மனைவியும் அதே ஆண்டு பிப்ரவரியில் காலமாகியிருந்தார். ஆஸ்திரியாவின் கூட்டாளியான சாக்சனியின் படை உறைபனி மூடிய சரிவின் மேல், பீரங்கிகளோடு கிராமத்துக்குள் நின்றது. போர் தொடங்குமுன் லியோபோல்ட், தமக்குத் துணை நிற்க ஆண்டவனுக்கு மனமில்லையென்றால் எதிரிக்கும் துணை நிற்காமல் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. அது நடந்ததோ இல்லையோ, அவருடைய படையினர் அவரை எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதை அது காட்டுகிறது. முதல் இரண்டு தாக்குதல்களும் பெருஞ்சேதத்தோடு உருண்டு விழுந்தன. பின்வாங்குகிறவர்களைத் துரத்திச் சாக்சன் கிரெனேடியர்கள் தம் பீரங்கிகளுக்கு முன்னால் இறங்கி வந்தபோது, பிரஷ்யக் குதிரைவீரர்கள் அவர்கள்மேல் பாய்ந்தார்கள், கிராமம் வீழ்ந்தது. மூன்று நாளில் சாக்சனியின் தலைநகர் டிரெஸ்டன் சரணடைந்தது. கிறிஸ்துமஸ் அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. களத்தைப் பார்க்க வந்த பிரெடரிக், குதிரையை விட்டு இறங்கி முதியவரைத் தழுவிக்கொண்டார்.

கேள்வி: லியோபோல்டின் மனைவி ஒரு மருந்துக்கடைக்காரரின் மகள் என்று படித்தேன். உண்மையா? அக்காலத்தில் அது எப்படி ஏற்கப்பட்டது?

பதில்: உண்மை. அன்னா லூயிஸ் ஃபோசே, டெஸ்ஸாவ் நகரின் அரண்மனை மருந்தாளர் ஒருவரின் மகள். இருவரும் சிறு வயது முதலே பழகியவர்கள். தாய் ஹென்றியெட் கத்தரீனா இதை ஏற்கவில்லை. மனம் மாறட்டும் என்று மகனை நெடும்பயணமாக இத்தாலிக்கு அனுப்பிவைத்தார். மகன் திரும்பி வந்தார், மனம் மாறவில்லை. 1698-இல் ஆட்சிப் பொறுப்பு கைக்கு வந்த ஆண்டிலேயே அவரை மணந்துகொண்டார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஜெர்மானிய அரசகுலச் சட்டப்படி, சம பிறப்பு இல்லாத மனைவியின் பிள்ளைகளுக்கு நாட்டில் உரிமை இல்லை. லியோபோல்ட் புனித ரோமப் பேரரசரிடம் முறையிட்டு, 1701-இல் அன்னா லூயிஸைப் பேரரசின் இளவரசி நிலைக்கு உயர்த்தும் ஆணையைப் பெற்றார். அதன் பின் பிறந்தவர்களும் முன்பே பிறந்த மகன்களும் முழு உரிமையுள்ள வாரிசுகள் ஆனார்கள். அவர் போர்க்களங்களில் இருந்த நீண்ட மாதங்களில் நாட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் இந்த மருந்தாளர் மகளே. ஆயிரக்கணக்கானோரைக் காலடி ஒத்து நடக்கவைத்த மனிதர், தம் வாழ்வின் முக்கியமான முடிவில் யாருடைய காலடிக்கும் ஒத்து நடக்கவில்லை என்பதை நான் மதிக்கிறேன்.

ஆயினும் இதற்கு ஒரு வருத்தமான தொடர்ச்சி உண்டு. மூத்த மகன் வில்லியம் குஸ்தாவ் 1726-இல் சாமானியக் குடும்பத்துப் பெண்ணான யோகான்னா சோஃபி ஹெர்ரேயை மணந்தார். இரகசியமாக! தந்தை செய்ததையே மகன் செய்தார். ஆனால் வெளிப்படையாகச் செய்ய அவருக்கு முடியவில்லை. 1737-இல் அம்மையில் இறந்தபோது அவருக்குப் பல குழந்தைகள் இருந்தார்கள். அவர்களுக்கு நாட்டில் உரிமை கிடைக்கவில்லை. 1749-இல் ‘அன்ஹால்ட் கோமான்கள்’ என்ற பட்டம் மட்டும் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரான ஃபிரீட்ரிக், கடைசியில் ரஷ்யாவுக்குப் போய், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரபுக்குலச் சிறுவர்களுக்கான படைப்பள்ளியின் தலைவரானார். அந்தப் பள்ளியின் தோட்டச் சுவர் முழுவதும் பொன்மொழிகளையும் படங்களையும் எழுதவைத்து அதைப் ‘பேசும் சுவர்’ ஆக்கினார். தாத்தா சிப்பாய்களைக் கோலால் பழக்கினார். பேரன் மாணவர்களைச் சுவரால் பழக்கினார்.

கேள்வி: இசைமேதை பாக் வேலை பார்த்த இளவரசர் லியோபோல்டும் இவர்தானா?

பதில்: இல்லை. அவர் கோத்தன் கிளையைச் சேர்ந்த லியோபோல்ட் (1694–1728). பெயரும் குலமும் ஒன்று, ஊர் வேறு. பாக் அங்கே 1717 முதல் 1723 வரை இருந்தார்.

கேள்வி: பழைய டெஸ்ஸாவரின் மற்ற மகன்களும் படைத்தலைவர்களா? அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குக்கூட இந்த வாழ்க்கை கசக்கவில்லையா?

பதில்: ஐந்து மகன்களும் படையில் இருந்தார்கள். தந்தைக்குப் பின் ஆட்சிக்கு வந்த லியோபோல்ட் மாக்சிமிலியன், 1741 மார்ச்சில் சைலீசியாவின் குளோகாவ் கோட்டையை ஒரே இரவுத் தாக்குதலில் பிடித்தவர். அடுத்த ஆண்டு சோட்டுசிட்ஸ் போருக்குப் பின் ஃபீல்ட் மார்ஷல் ஆனார். டீட்ரிக்கும் பிரஷ்ய ஃபீல்ட் மார்ஷல். ஆய்கன் பிரஷ்யாவை விட்டுச் சாக்சனியில் சேர்ந்தார். கடைக்குட்டி மோரிட்ஸைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1712-இல் பிறந்த மோரிட்ஸுக்குத் தந்தை எழுத்தறிவே புகட்டவில்லை, இயற்கை எப்படி வளர்க்கிறது பார்ப்போம் என்று விட்டுவிட்டார் என்றொரு பழங்கதை நெடுங்காலம் உலவியது. படையில் அவர் செய்தவற்றைப் பார்த்தால் அதை அப்படியே நம்ப மனம் வரவில்லை. கெசல்ஸ்டார்ப்பில் தந்தையின் கீழ் இடப்பக்க அணியைச் செங்குத்தான பள்ளத்தாக்கின் ஊடே நடத்திச் சென்றவர் அவர். 1757 ஜூன் 18-ஆம் நாள் கோலினில், நடந்துகொண்டிருந்த அணியை அதற்குள் எதிரி நோக்கித் திருப்பிவிடச் சொன்னார் மன்னர் பிரெடரிக். மோரிட்ஸ், இன்னும் முன்னேற வேண்டும் என்று மறுத்துப் பேசினார். மன்னர் வாளை உருவிக்கொண்டு வந்து, கீழ்ப்படியப் போகிறாயா இல்லையா என்று கேட்டதாகச் சொல்வார்கள். மோரிட்ஸ் கீழ்ப்படிந்தார். அந்தப் போர் தோல்வியில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் லாய்த்தன் வெற்றிக்குப் பிறகு, களத்திலேயே அவரை ஃபீல்ட் மார்ஷல் என்று அழைத்து வாழ்த்தியவரும் அதே மன்னர்தான்.

1758 அக்டோபர் 14-ஆம் நாள் விடியுமுன் ஹாக்கிர்க் முகாம்மீது ஆஸ்திரியர்கள் பாய்ந்தார்கள். ஃபீல்ட் மார்ஷல் கீத் அங்கே இறந்தார். மோரிட்ஸ் படுகாயமடைந்து, வண்டியில் பௌட்ஸனுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் எதிரியிடம் சிக்கினார். வாக்குறுதியின் பேரில் விடுவிக்கப்பட்டாலும், உதட்டில் புற்று கண்டு 1760 ஏப்ரலில், 47 வயதில், டெஸ்ஸாவில் இறந்தார்.

அன்ஹால்ட் குலத்தின் பிற கிளைகளும் இதே பாதையில்தான் நடந்தன. 1620-இல் வெள்ளை மலைப் போரில் தோற்ற போஹீமியப் படையை நடத்தியவர் பெர்ன்பர்க்கின் கிறிஸ்டியன். அவருடைய மகன் அதே களத்தில் காயத்தோடு சிறைப்பட்டார். செர்ப்ஸ்ட் கிளையின் கிறிஸ்டியன் ஆகஸ்ட் ஸ்டெட்டின் நகரில் பிரஷ்யத் தளபதியாக இருந்தபோது பிறந்த மகளே பின்னாளில் ரஷ்யாவின் பேரரசி இரண்டாம் கேத்தரின். ஆனால் அந்தப் பேரரசியின் தம்பி ஃபிரீட்ரிக் ஆகஸ்ட் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அமெரிக்கக் குடியேற்றங்களோடு நடந்த போருக்காக 1,000-க்கும் மேற்பட்ட தம் சிப்பாய்களைப் பிரிட்டனுக்கு வாடகைக்கு அனுப்பினார். 1778-இல் அவர்கள் கியூபெக்கில் போய் இறங்கினார்கள். தாமே களத்தில் நின்ற பழைய டெஸ்ஸாவரோடு இவரை ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனமில்லை.

கசந்துபோனவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். இருவர் இருந்தார்கள். முதலாமவர், பழைய டெஸ்ஸாவருக்கு மணவுறவுக்கு வெளியே 1733-இல் பிறந்த கேயார்க் ஹைன்ரிக் ஃபொன் பெரன்ஹார்ஸ்ட். பிரஷ்யப் படையில் பிரெடரிக்கின் அருகிலேயே பணியாற்றிவிட்டு விலகியவர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்கலை பற்றிய ஆய்வுநூல் ஒன்றைப் பெயர் போடாமல் வெளியிட்டார். மனிதனை இயந்திரத்தின் பாகமாக்கும் கவாத்து அவனுடைய மனத்தைக் கணக்கில் கொள்வதில்லை என்பதே அதன் உயிரான வாதம். கவாத்தின் தந்தை என்று புகழப்பட்டவரின் மகன் எழுதியது இது.

இரண்டாமவர் லியோபோல்ட் மாக்சிமிலியனின் மகன், லியோபோல்ட் ஃபிரீட்ரிக் ஃபிரான்ஸ். பெற்றோரை இளமையிலேயே இழந்து, சித்தப்பா டீட்ரிக்கின் பாதுகாப்பில் வளர்ந்த அவர், வழக்கப்படி பிரஷ்யப் படையில் சேர்ந்து 1757-ஆம் ஆண்டுப் போர்களைக் கண்ணால் பார்த்தார். அந்த ஆண்டு இலையுதிர்காலத்திலேயே உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவியைத் துறந்தார். வயது 17. பாட்டனாரின் பெயரைத் தாங்கிய ஒருவர் இப்படி விலகியது பிரெடரிக்கை எரிச்சலூட்டியது. அந்தச் சிறிய நாடு பணமாகவும் தானியமாகவும் ஆளாகவும் அதற்கு விலை கொடுத்தது.

பின்னர் பெரன்ஹார்ஸ்ட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஃபிரான்ஸ் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் போனார். திரும்பிவந்து, எர்ட்மான்ஸ்டோர்ஃப் என்ற கட்டடக்கலைஞரோடு வோர்லிட்ஸில் மாளிகையும் ஏரிகளும் பாலங்களும் தோப்புகளும் சேர்ந்த ஒரு தோட்டத்தை அமைத்தார். அதற்கு வேலி போடாமல் எல்லோருக்கும் திறந்துவைத்தார். 1774-இல் கல்விச் சீர்திருத்தவாதி பாசடோவை அழைத்து, பிள்ளைகளை அடிக்காமல் கற்பிக்கும் பள்ளி ஒன்றை டெஸ்ஸாவில் தொடங்கவைத்தார். அவருடைய தோட்டநாடு 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எல்பா ஆற்றங்கரையில், பாட்டனார் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணைக்கரைகளை ஒட்டிய அதே சமவெளியில்தான் பேரன் தம் மரங்களை நட்டார்.